தரவுத்தளக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது? சேலத்துச் சிறு நிறுவனங்களுக்கு ஓர் ஒப்பீடு

எந்த இணையச் செயலியை எடுத்தாலும் அதில் ஏதோ ஒரு கோப்பில் நான்கு வரிகள் இருக்கும்: தரவுத்தள சர்வரின் முகவரி, தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் அந்தக் கோப்பு டபிள்யூபி-கான்ஃபிக். பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்படும் லாராவெலில் டாட் என்வ். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் வெப் டாட் கான்ஃபிக். பெயர் மாறினாலும் நான்காவது வரியில் கடவுச்சொல் அப்பட்டமாக எழுதப்பட்டிருப்பது மாறுவதில்லை. சேலத்தில் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, சூரமங்கலம் பக்கம் மாடி ஏறினால் இரண்டு மூன்று பேர் கொண்ட மென்பொருள் அலுவலகங்கள் நிறைய உண்டு. புதிய வேலை வரும்போதெல்லாம் அங்கே இந்த நான்காவது வரியைப் பற்றி ஒரு வாக்குவாதம் நடக்கும். குறியாக்கம் செய்தே (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே) தீர வேண்டும் என்பார் ஒருவர். சூழல் மாறியில் (செயலி தொடங்கும்போது இயங்குதளம் அதற்குக் கொடுக்கும் மதிப்பில்) போட்டால் போதும் என்பார் இன்னொருவர். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவர் வால்ட் என்ற ரகசியக் காப்பு மென்பொருளை நிறுவலாம் என்பார். கடைசியில் நேரமில்லாமல் பழையபடியே விட்டுவிடுவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுச்சொல்லே தேவைப்படாத அமைப்புக்கு முதலிடம். அது இயலாத இடத்தில், கோப்பைச் சரியான இடத்துக்கு நகர்த்திப் படிக்கும் உரிமையைச் சுருக்குவது இரண்டாவது. எல்லோரும் முதலில் கேட்கும் குறியாக்கம் அதற்குப் பிறகுதான். ஏன் இந்த வரிசை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க, இந்த ஊரில் எவரும் சந்திக்கக்கூடிய மூன்று வாடிக்கையாளர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரி. மாத வாடகைக்கு எடுத்த ஒரே உபுண்டு சர்வரில் லாராவெல் செயலியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் சேர்ந்தே ஓடுகின்றன. வெளியூர்க் கடைக்காரர்கள் அதில் ஆர்டர் போடுகிறார்கள். யாருக்கு என்ன டச் (வெள்ளியின் தூய்மை), என்ன கூலி, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது. அவர் அஞ்சுவது வெளிநாட்டு ஹேக்கரைவிட இரண்டு தெரு தள்ளியிருக்கும் போட்டிக்காரருக்கு.

இரண்டாமவர் ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறார். ஆண்டுக் கட்டணத்தில் வாங்கிய பகிர்வு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் தளம். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் முன்பதிவு குவியும். கூடவே விருந்தினரின் கைபேசி எண்களும் அடையாள அட்டை நகல்களும் குவியும். சர்வர் நிர்வாகம் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாமவர் ஜவ்வரிசி ஆலைக்காரர். அலுவலகத்திலேயே விண்டோஸ் சர்வர், அதில் பல ஆண்டுகளாக ஓடும் ஏஎஸ்பி டாட் நெட் செயலி, பக்கத்திலேயே இன்னொரு கணினியில் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளம். எந்த விவசாயி எத்தனை மூட்டை மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தார், எத்தனை பாயிண்ட் (மாவுச்சத்தின் அளவு), எந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போனது என்பது அத்தனையும் அதில் இருக்கிறது.

மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் மூவரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்.

அந்தக் கோப்பை யார் படித்துவிடக் கூடும்?

கடவுச்சொல் வெளியே போகும் வழிகளைப் பிரித்துப் பார்க்காமல் பாதுகாப்பு முறையைத் தேர்ந்தெடுப்பது வீண் செலவு. பெரும்பாலான கசிவுகளுக்குத் திறமையான எதிரி தேவையில்லை. வெப் சர்வரே கோப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

பிஎச்பி கோப்பை உலாவியில் கேட்டால் சர்வர் அதை இயக்கி விளைவை மட்டும் அனுப்பும். உள்ளே இருப்பதைக் காட்டாது. இந்த நம்பிக்கையில்தான் பலரும் கடவுச்சொல்லைப் பொதுக் கோப்புறைக்குள்ளேயே (உலாவியிலிருந்து எட்டக்கூடிய கோப்புறை) விட்டுவைக்கிறார்கள். ஒரு மாற்றம் செய்வதற்கு முன் யாரோ அந்தக் கோப்பை நகலெடுத்துக் கடைசியில் 'பேக்' என்றோ 'ஓல்ட்' என்றோ சேர்த்து வைப்பார். அந்த நகல் சர்வரின் கண்ணுக்கு பிஎச்பி அல்ல, வெறும் எழுத்து. கேட்பவருக்கு முழுவதையும் கொடுத்துவிடும். எடிட்டர்கள் தாமாக உண்டாக்கும் தற்காலிக நகல்களுக்கும் இதே கதிதான். பதிப்பு மாற்றும்போது பிஎச்பி சற்று நேரம் இணைப்பு விட்டுப்போனால், மூலக்கோப்பே எழுத்தாகத் தெரியும்.

டாட் என்வ் கோப்புக்கு அந்த அரைகுறைப் பாதுகாப்பும் கிடையாது. அப்பாச்சி என்ற வெப் சர்வர் தன் இயல்பான அமைப்பில் 'எச்டி' என்று தொடங்கும் புள்ளிக் கோப்புகளை மட்டுமே மறைக்கும். என்வ் கோப்பைக் கேட்டால் கொடுக்கும். லாராவெலை எழுதியவர்கள் 'பப்ளிக்' என்ற கோப்புறையை மட்டும் வெளியுலகுக்குக் காட்டி, என்வ் கோப்பை அதற்கு ஒரு படி மேலே வைத்தார்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் அவசரத்தில் முழுத் திட்டத்தையும் பொதுக் கோப்புறைக்குள் கொட்டுகிறவர்கள் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடுகிறார்கள். இதைத் தேடுவதற்கென்றே நிரல்கள் இரவும் பகலும் இணையத்தை வலம் வருகின்றன. 2024 ஆகஸ்டில் பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸின் ஆய்வுப் பிரிவான யூனிட் 42 வெளியிட்ட அறிக்கை, ஒரே கும்பல் 1,10,000 இணையப் பெயர்களைக் குறிவைத்து, வெளியே தெரிந்த என்வ் கோப்புகளிலிருந்து 90,000-க்கும் மேற்பட்ட மாறிகளைத் திரட்டியதாகச் சொன்னது. அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கோப்பைக் கேட்டார்கள், கிடைத்தது.

அடுத்த வழி கிட், அதாவது நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி. நிரலோடு கடவுச்சொல்லையும் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது. களஞ்சியம் தனிப்பட்டதுதானே என்ற ஆறுதல் போதாது. 2016-இல் ஊபரின் தனிப்பட்ட கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள் அங்கே கிடைத்த அமேசான் மேகச் சேவையின் அணுகல் சாவியைக் கொண்டு 5.7 கோடிப் பேரின் விவரங்களை எடுத்தார்கள். அடுத்த மாற்றத்தில் அந்த வரியை அழித்துவிட்டேன் என்று சொல்வதும் பயன்படாது. பழைய பதிப்பு வரலாற்றில் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, அக்கம்பக்கம். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். எல்லாத் தளங்களின் பிஎச்பியும் ஒரே கணினிப் பயனரின் பெயரில் ஓடினால், பக்கத்துத் தளத்தில் நுழைந்தவன் உங்கள் கான்ஃபிக்கையும் படிக்கலாம். நான்காவது, மனிதர்கள்: தளத்தின் மொத்த ஜிப் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினி, எங்கேயோ கிடக்கும் பேக்கப்.

ஐந்தாவது வழிதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது. செயலியில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி ஒருவன் செயலிக்குள்ளேயே தன் கட்டளைகளை இயக்குகிறான். செயலி எதைப் படிக்குமோ அதை அவனும் படிப்பான். செயலி எதைக் குறிநீக்கம் செய்யுமோ அதை அவனும் செய்வான். இனி நாம் ஒப்பிடப்போகும் எந்த வழியும் இவனை முழுதாக நிறுத்தாது. இதைச் சொல்லாமல் "இனி யாராலும் திருட முடியாது" என்று வாடிக்கையாளரிடம் உறுதி கொடுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

கோப்பை நகர்த்துவது

மிக மலிவான வழி இது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாததால் ஒதுக்கப்படும் வழியும் இதுதான். கடவுச்சொல் உள்ள கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வைக்க வேண்டும்; அதைப் படிக்கும் உரிமையைச் செயலி ஓடும் பயனருக்கு மட்டும் கொடுக்க வேண்டும். லினக்ஸில் கோப்பின் உரிமையாளர் ரூட் (சர்வரின் முழு அதிகாரம் உள்ள பயனர்), குழு செயலியினுடையது, அனுமதி 640 என்று வைத்தால், செயலியால் படிக்க முடியும், திருத்த முடியாது. மற்ற பயனர்களால் எட்டிப் பார்க்கவும் முடியாது. வேர்ட்பிரஸ் தன் கான்ஃபிக் கோப்பு தளத்தின் கோப்புறையில் இல்லையென்றால் ஒரு படி மேலே தானாகத் தேடும். ஏற்காட்டுக்காரரின் ஹோஸ்டிங்கில் இதைச் செய்ய கோப்பு மேலாளரில் சில நிமிடங்கள் போதும். நிரலில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

சர்வர் கொடுத்துவிடும் முதல் வழியை இது முழுமையாக அடைக்கிறது. கோப்பு பொதுக் கோப்புறையில் இல்லை என்றால், எந்தப் பெயரில் நகலெடுத்து அதன் பக்கத்தில் வைத்தாலும் அந்த நகலும் வெளியே தெரியாது. அக்கம்பக்கத்து ஆபத்தைப் பொறுத்தவரை, ஹோஸ்டிங் நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளரின் பிஎச்பியையும் தனித்தனிப் பயனர் பெயரில் ஓட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறது என்றால் அனுமதியை உரிமையாளருக்கு மட்டுமான 600 அல்லது 400 ஆகச் சுருக்கலாம். ஓட்டவில்லை என்றால் ஹோஸ்டிங்கை மாற்றுவதுதான் வழி. கட்டண வித்தியாசம் ஏற்காட்டில் ஒரு அறையின் ஓர் இரவு வாடகையைத் தாண்டாது.

பேக்கப்பும் கிட்டும் இந்த முறையில் அடைபடுவதில்லை. கிட்டுக்கு அந்தக் கோப்பைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்து, கடவுச்சொல் இல்லாத மாதிரிக் கோப்பை மட்டும் ஏற்றும் பழக்கம் வேண்டும்.

சூழல் மாறி

2011-இல் ஹெரோக்கு நிறுவனத்தார் எழுதிய 'ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்' என்ற வழிகாட்டி, அமைப்பு விவரங்களைச் சூழல் மாறிகளில் வைக்கச் சொன்னது. அது தந்த சோதனை இன்றும் நல்ல சோதனை: இந்த நொடியே உங்கள் நிரல் முழுவதையும் உலகுக்குத் திறந்து காட்டினால் எந்த ரகசியமாவது வெளிப்படுமா? நிரலையும் ரகசியத்தையும் பிரிக்கும் அந்த நோக்கத்தில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

ஆனால் அதைக் கேட்டவர்கள் சூழல் மாறியே ஒரு பாதுகாப்புப் பெட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். மாறி வானத்திலிருந்து வருவதில்லை. பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் தன் இயல்பான அமைப்பில் வெளிச் சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டுத்தான் வேலையாட்களைத் தொடங்கும். ஆகவே அந்த வேலையாட்களின் குழுவை அமைக்கும் பூல் கோப்பில் மறுபடியும் அந்த மாறியை எழுத வேண்டியிருக்கிறது. கடவுச்சொல் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் நேரடியாக எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: அந்தச் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் சாதாரணப் பயனரும் ஒரு கட்டளையில் அதைப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை, மாறிகள் பரவும் தன்மை. செயலி தொடங்கும் ஒவ்வொரு துணைச் செயல்முறைக்கும் மாறிகளின் நகல் போகும். படத்தைச் சுருக்கும் சிறு கருவிக்கும் தரவுத்தளக் கடவுச்சொல் தெரிய வேண்டிய தேவை என்ன? பிஎச்பியின் அமைப்பு விவரங்களைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைச் சோதனைக்காகப் போட்டுவிட்டு நீக்க மறந்தால் மாறிகள் அனைத்தும் உலகப் பார்வைக்கு. லாராவெலின் பழைய பதிப்புகளில் பிழை தேடும் டிபக் முறையை அணைக்காமல் தளத்தை வெளியிட்டால், பிழைப் பக்கமே கடவுச்சொல்லைக் காட்டும். இதோடு லாராவெல்காரர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றும் உண்டு: வேகத்துக்காகக் கான்ஃபிக் கேஷ் கட்டளையை ஓட்டினால், கடவுச்சொல் கேஷ் கோப்பு ஒன்றில் மறுபடியும் அப்பட்டமாக எழுதப்படும். என்வ் கோப்புக்கு 640 போட்டுவிட்டு அந்தக் கேஷ் கோப்பை எல்லோரும் படிக்கும்படி விட்டிருக்கும் சர்வர்கள் அபூர்வமல்ல.

கன்டெய்னர்களில் (தனித்தனிப் பொதிகளாக) ஓடும் செயலிகளுக்குச் சூழல் மாறி வசதிதான், மறுக்கவில்லை. ஒரே சர்வர் வைத்திருக்கும் கொலுசு வியாபாரிக்கு அதனால் கூடுதலாகக் கிடைப்பது எதுவுமில்லை. சூழல் மாறியின் வசதியும் கோப்பின் கட்டுப்பாடும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு, சிஸ்டம்டியின் 247-ஆம் பதிப்பில் வந்த 'க்ரெடென்ஷியல்' வசதி பொருத்தமானது. சேவைக்கென்று தனிக் கோப்புறை ஒன்றில் ரகசியத்தை வைக்கும். அந்தச் சேவை மட்டும் படிக்கும். 250-ஆம் பதிப்பிலிருந்து அதைக் குறியாக்கி, கணினியில் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சில்லோடு பிணைக்கவும் முடியும்.

குறியாக்கம்

வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பது இதைத்தான். விற்பதும் எளிது. ஆனால் செயலி தரவுத்தளத்தில் நுழைய வேண்டுமானால் உண்மையான கடவுச்சொல் அதற்குத் தெரிய வேண்டும். எனவே குறிநீக்கும் சாவியும் செயலிக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். பயனர்களின் கடவுச்சொற்களை ஹாஷ் செய்து வைப்பதுபோல இதையும் ஹாஷ் செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஹாஷிலிருந்து மூலத்தைத் திரும்பப் பெற முடியாது; நாம் இங்கே திரும்பப் பெற்றே ஆக வேண்டும். சிலர் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுக் குறியாக்கம் செய்தாயிற்று என்கிறார்கள். அதைச் செய்யாமலே இருக்கலாம்.

சாவி வேறிடத்தில் இருந்தால் மட்டுமே குறியாக்கத்துக்குப் பொருள் உண்டு. விண்டோஸில் அப்படி ஒரு நல்ல ஏற்பாடு 2005-இல் வந்த டாட் நெட் 2.0 காலத்திலிருந்தே இருக்கிறது. ஏஎஸ்பிநெட்-ரெக்ஐஐஎஸ் என்ற கருவியை ஓட்டினால், வெப் டாட் கான்ஃபிக்கில் தரவுத்தள இணைப்பு வரிகள் உள்ள பகுதி மட்டும் குறியாக்கப்படும். சாவியை விண்டோஸ் வைத்துக்கொள்ளும். செயலி படிக்கும்போது தானாகவே குறிநீக்கம் நடக்கும். நிரலைத் தொட வேண்டாம். டிபிஏபிஐ முறையில் செய்தால் கோப்பு அந்தக் கணினியில் மட்டுமே திறக்கும். கோப்பையோ அதன் பேக்கப்பையோ தூக்கிக்கொண்டு போனவனுக்குக் குப்பைதான் மிஞ்சும். ஆர்எஸ்ஏ முறையில் சாவியை ஏற்றுமதி செய்து இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகலாம். டிபிஏபிஐ முறையைத் தேர்ந்தவர்கள் மூலக் கடவுச்சொல்லை வேறு பத்திரமான இடத்தில் குறித்து வைக்காவிட்டால், தாய்ப்பலகை எரிந்துபோகும் நாளில் தவிப்பார்கள்.

இந்தக் குறியாக்கம் நிஜமாகவே காப்பாற்றக்கூடிய ஒரு நிகழ்ச்சியும் நடந்திருக்கிறது. 2010 செப்டம்பரில் ஏஎஸ்பி டாட் நெட்டில் 'பேடிங் ஆரக்கிள்' எனப்படும் ஓட்டை வெளிவந்தது. அதைக் கொண்டு, விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ் வழக்கமாக எவருக்கும் கொடுக்காத வெப் டாட் கான்ஃபிக்கையே வெளியிலிருந்து பதிவிறக்க முடிந்தது. மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அட்டவணைக்குக் காத்திராமல் அந்த மாதக் கடைசியிலேயே திருத்தம் வெளியிட்டது. இணைப்பு வரிகளைக் குறியாக்கி வைத்திருந்தவர்களின் கோப்பு திருடு போயிருந்தாலும் கடவுச்சொல் போயிருக்காது. கோப்பு மட்டும் தனியாக வெளியே போகும் ஆபத்துக்குக் குறியாக்கம் சரியான மருந்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கணினிக்குள்ளேயே ஆள் நுழைந்துவிட்டால் அது உதவாது.

புதிய ஏஎஸ்பி டாட் நெட் கோரில் இந்தக் கருவி கிடையாது. அதில் உள்ள 'யூசர் சீக்ரெட்ஸ்' நிரலாளரின் கணினியில் வைத்து வேலை செய்வதற்கானது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது, அது எதையும் குறியாக்குவதில்லை. கிட்டில் குறியாக்கிய கோப்பை ஏற்றிவைக்க சாப்ஸ், ஆன்சிபிள் வால்ட் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆள் கூடக் கூட, ஒரே ரகசியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதைவிட அவை நூறு மடங்கு மேல். ஆனால் சர்வருக்கு வந்து சேரும்போது கோப்பு குறிநீக்கப்பட்டுத்தான் வைக்கப்படும். அங்கே மறுபடியும் அனுமதி 640-க்குத்தான் வந்து நிற்போம்.

ரகசிய மேலாண்மைச் சேவைகள்

ஹாஷிகார்ப் வால்ட், அமேசானின் சீக்ரெட்ஸ் மேனேஜர் போன்றவை இந்த வகை. வால்ட்டின் பெரிய பலம், நிரந்தரக் கடவுச்சொல் என்பதையே ஒழித்துவிடுவது. செயலி கேட்கும்போது தரவுத்தளத்தில் ஒரு புதிய பயனரை உருவாக்கிக் கொடுக்கும். குறித்த நேரம் கழிந்ததும் அதை நீக்கிவிடும். நேற்றுத் திருடியது இன்று செல்லாது.

சேலத்தில் இதற்கு ஒரு நடைமுறைத் தடை இருக்கிறது, மின்தடை. வால்ட் மறுபடி தொடங்கும்போது முத்திரையிட்ட நிலையில்தான் எழும். இயல்பான அமைப்பில் அதன் சாவி ஐந்து துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மூன்று துண்டுகளைக் கொடுத்தால்தான் திறக்கும். ஆலை அலுவலகத்தில் யூபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்து எழுந்தால், மூன்று பேர் வந்து திறக்கும்வரை கிழங்கு எடைச் சீட்டு போட முடியாது. மேகச் சேவையைக் கொண்டு தானாகத் திறக்கும்படி அமைக்கலாம். அதற்கும் ஒரு சாவி, அதற்கும் ஓர் இடம். மூன்று பேர் கொண்ட அலுவலகம் வால்ட்டை நிறுவினால், வாடிக்கையாளரின் செயலியைவிட வால்ட்டைப் பராமரிக்கத்தான் அதிக நேரம் போகும். 2023-இல் ஹாஷிகார்ப் உரிமத்தை மாற்றிய பிறகு, திறந்த மூலத்திலேயே தொடர விரும்பியவர்கள் ஓப்பன்பாவ் என்ற கிளையைத் தொடங்கினார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அதையும் பார்க்கலாம்.

அமேசானின் மேகச் சேவையில் ஏற்கெனவே இருப்பவர்களின் கணக்கு வேறு. சீக்ரெட்ஸ் மேனேஜரில் ஒரு ரகசியத்துக்கு மாதம் 40 அமெரிக்க சென்ட்; சாதாரணத் தேவைக்கு அமேசானின் இன்னொரு சேவையான பாராமீட்டர் ஸ்டோரின் அடிப்படை வகை கட்டணமின்றியே கிடைக்கிறது. சர்வருக்கு ஒரு ரோல் (அணுகல் உரிமை) கொடுத்துவிட்டால் வட்டில் எந்தச் சாவியும் இருக்காது. ஆனால் 2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்ததை நினைவில் வைக்க வேண்டும். செயலியை ஏமாற்றி, சர்வருக்குத் தற்காலிகச் சாவி கொடுக்கும் உள்முகவரியைக் கேட்க வைத்து, அந்தச் சாவியால் சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்களை ஒருவர் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் அமேசான் அந்த உள்முகவரிக்கு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. சர்வர் எடுக்கும்போது அந்த இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். செயலி அமேசானுக்கு வெளியே ஓடுகிறது என்றால் இந்தச் சேவையை அணுகவே ஒரு சாவி வேண்டும், அது மறுபடி கான்ஃபிக் கோப்பில் போய் உட்காரும். வெளியே இருப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

கடவுச்சொல்லே இல்லாமல்

செயலியும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருக்கும்போது கடவுச்சொல் எதற்கு? கதவைத் தட்டும் செயல்முறை யாருடையது என்பதை இயங்குதளமே அறியும். அதைத் தரவுத்தளம் கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இதற்கு 'பியர்' என்று பெயர். மைஎஸ்கியூஎலில் 'ஆத் சாக்கெட்', மரியாடிபியில் 'யுனிக்ஸ் சாக்கெட்'. மரியாடிபி 10.4 முதல் தன் ரூட் கணக்குக்கு இதை இயல்பாகவே பயன்படுத்துகிறது.

கொலுசு வியாபாரிக்கு இதைத்தான் சொல்வேன். அவருடைய செயலிக்கென்று லினக்ஸில் தனிப் பயனர் ஒன்று, அதே பெயரில் மைஎஸ்கியூஎலில் சாக்கெட் (ஒரே கணினிக்குள் மட்டும் இணைக்கும் பாதை) வழி மட்டும் நுழையும் பயனர் ஒன்று. செயலியின் பிஎச்பி-எஃப்பிஎம் பூல் அந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும். என்வ் கோப்பில் நான்காவது வரி காலி. அதை யார் எடுத்துப் போனாலும், கிட்டில் ஏற்றினாலும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் தரவுத்தளத்துக்குள் நுழைய உதவாது. லாராவெலின் குறியாக்கச் சாவியான ஆப் கீ, பணப் பரிவர்த்தனைச் சேவையின் சாவி போன்றவை அதே கோப்பில் இருக்கும் என்பதால் கோப்பின் அனுமதியைத் தளர்த்திவிடக் கூடாது.

சில இடறல்கள் உண்டு. பிஎச்பியில் முகவரியை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் சாக்கெட் வழி போகும், 127.0.0.1 என்று எழுதினால் நெட்வொர்க் இணைப்பான டிசிபி வழி போகும், அங்கே இந்த முறை செல்லாது. நேரம் குறித்து ஓடும் கிரான் வேலைகளும் வரிசைப் பணியாளர்களும் அதே பயனரின் பெயரில்தான் ஓட வேண்டும்; வேறு பெயரில் ஓட்டினால் 1698 என்ற அனுமதி மறுப்புப் பிழை வரும். எல்லாத் தளங்களும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற ஒரே பயனரில் ஓடும் சர்வரில் இதைச் செய்தால் ஒரு தளத்தில் நுழைந்தவன் எல்லாத் தரவுத்தளங்களிலும் நுழைவான். ஆகவே செயலிக்கு ஒரு பயனர் என்பது கட்டாயம்.

ஆலைக்காரரின் எஸ்கியூஎல் சர்வர் வேறு கணினியில் இருக்கிறது. அங்கே இதற்கு இணை, விண்டோஸ் ஒருங்கிணைந்த உள்நுழைவு. இரண்டு கணினிகளும் ஒரே டொமைனில் (கணக்குகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் வலையமைப்பு) இருந்தால், செயலியை இயக்கும் ஆப் பூலை ஒரு குழு நிர்வாகச் சேவைக் கணக்கில் ஓட்டலாம். விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த வசதி இது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மனிதர் எவரும் அறிவதில்லை. விண்டோஸே இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும். டொமைன் இல்லை, வெறும் ஒர்க்குரூப்தான் என்றால் இதற்காக மட்டும் டொமைன் அமைப்பது அந்த ஆலைக்கு மிகையான வேலை. அங்கே ஏஎஸ்பிநெட்-ரெக்ஐஐஎஸ் குறியாக்கம் நியாயமான தேர்வு.

எதைத் தேர்ந்தாலும் விடக்கூடாத ஒன்று

கடவுச்சொல் என்றாவது வெளியே போகும் என்று வைத்துக்கொண்டு, போனால் எவ்வளவு சேதம் என்பதை முன்கூட்டியே குறைத்துவைக்க வேண்டும். பழைய ஏஎஸ்பி டாட் நெட் செயலிகளைத் திறந்தால் எஸ்கியூஎல் சர்வரின் எல்லா அதிகாரமும் உள்ள 'எஸ்ஏ' கணக்கே இணைப்பு வரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் என்றால் ரூட். செயலிக்குத் தன் தரவுத்தளத்தில் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க உரிமை போதும். அட்டவணைகளின் அமைப்பை மாற்றுவதற்கு வேறு கணக்கு; அது சர்வரின் கான்ஃபிக்கில் இருக்கவே வேண்டாம். மைஎஸ்கியூஎலின் 'ஃபைல்' உரிமை கொடுத்திருந்தால் பறித்துவிட வேண்டும். அது சர்வரின் கோப்புகளையே படிக்க விடும். தரவுத்தளம் அதே கணினியில் இருந்தால் மைஎஸ்கியூஎலின் 3306 துறையை (போர்ட்) வெளியுலகுக்குத் திறக்க எந்தக் காரணமும் இல்லை. துறை மூடியிருந்தால், போட்டிக்காரர் கையில் கடவுச்சொல்லே கிடைத்தாலும் அவர் வீட்டிலிருந்து அதைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஏற்காட்டுக்காரரின் ஹோஸ்டிங்கில், உலாவியிலிருந்தே தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் வெளியே திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது திறந்திருந்தால் துறையை மூடியும் பயன் குறைவு.

சட்டத்தின் பக்கத்தையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு இல்லாமல் தனிநபர் தரவு கசிந்தால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. சைபர் சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. விருந்தினரின் அடையாள அட்டை நகலைத் தங்கிப்போன பிறகும் தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கும் விடுதிக்காரர் இதைக் கேட்டால், தேவையில்லாத நகல்களை அன்றே அழிப்பார்.

மூவருக்கும் இப்போது விடை தெளிவாகிறது. செவ்வாய்ப்பேட்டைக்கு சாக்கெட் உள்நுழைவு. ஏற்காட்டுக்கு கோப்பை மேலே நகர்த்தி அனுமதியை 400 ஆக்குவது, தனிப் பயனரில் ஓட்டும் ஹோஸ்டிங். ஆலைக்கு டொமைன் இருந்தால் சேவைக் கணக்கு, இல்லையென்றால் குறியாக்கம். இரண்டிலும் எஸ்ஏ கணக்கை முதலில் எடுத்துவிட வேண்டும். ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவில் பத்துப் பதினைந்து சர்வர் வைத்து நடத்தும் நிறுவனம் என்றால் மட்டும் ரகசிய மேலாண்மைச் சேவையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.

கடவுச்சொல் இருக்கும் இடங்களிலெல்லாம் அதை மாற்றும் வேலையை ஆண்டுப் பராமரிப்பு (ஏஎம்சி) ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை, கூடவே நிரலாளர் யாராவது வேலையை விட்டுப் போகும் ஒவ்வொரு முறையும். தளம் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். மைஎஸ்கியூஎல் 8.0.14 முதல் ஒரே கணக்குக்குப் பழையது, புதியது என்று இரண்டு கடவுச்சொற்களும் சற்றுக் காலம் சேர்ந்து செல்லும். பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்த வசதி கிடைக்காவிட்டால் அதே தரவுத்தளத்துக்கு இரண்டாவது பயனரைச் சேர்த்து அதே வேலையைச் செய்யலாம். புதியதை உருவாக்கி, கோப்பை மாற்றி, முன்பதிவோ ஆர்டரோ ஒன்றைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்து, பழையதை நீக்க வேண்டும். கடைசிப் படியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விடுகிறவர்கள் அதிகம்; அதுவரை பழைய கடவுச்சொல்லும் உள்ளே விடும் என்பதால் அன்று மாலைக்குள் அதையும் முடித்துவிடுங்கள்.